கசிவே இல்லாத எரிவாயு நிலையம்

ஒழுங்கானவர்களால் உலகத்துக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சோம்பேறியிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அந்த வேலை நடக்காது, அவ்வளவுதான். ஒழுங்கானவனிடம் கொடுத்துப் பாருங்கள். நடக்கக் கூடாத வேலையும் சேர்ந்து நடந்து முடிந்திருக்கும். மேலே வார்னிஷும் அடித்திருக்கும்.

நான் இரண்டாம் வகை. என் சட்டைகள் நிற வரிசையில் தொங்கும். அலுவலகத்தில் ஸ்க்ரூ டிரைவர்கள் உயர வரிசையில் நிற்கும். தினமும் நாட்குறிப்பு எழுதுவேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். (எழுதும் அளவுக்கு உங்களுக்கு என்னதான் நடக்கிறது என்று என் மனைவி செல்வி கேட்பாள். நடந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எரிவாயு அனுப்பும் ஒரு சிறிய தனியார் நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். எங்கேயோ பூமிக்கடியிலிருந்து எடுக்கும் வாயு, குழாய் வழியாக மிகுந்த அழுத்தத்தோடு எங்களிடம் வரும். நாங்கள் அதன் வேகத்தைத் தணித்து, சாதுவாக்கி, சூளைகளுக்கு அனுப்புவோம். அந்தச் சூளைகளில் ஃபியூஸ் கட்டைகள் வேகும், அகல் விளக்குகள் வேகும், ஊறுகாய் ஜாடிகள் வேகும். செல்வியின் சூளையில் பிள்ளையார்கள் வெந்தார்கள். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பார்களே, உள்ளங்கையில் அடங்கும் பிள்ளையார், அவர்தான். ஆக, வீட்டில் செல்வி எனக்கு முதலாளி, பேட்டையில் எனக்கு வாடிக்கையாளர். இரண்டு இடத்திலும் அவள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "பத்தல."

உண்மையிலேயே பத்தவில்லை. நிலையத்துக்குள் வந்த வாயுவுக்கும் வெளியே விற்ற வாயுவுக்கும் இடையில் கொஞ்சம் தினமும் காணாமல் போனது. பழைய வால்வுகள், தேய்ந்த வளையங்கள், தளர்ந்த நட்டுகள். போனது நஷ்டம் மட்டும் இல்லை. அது மீத்தேன். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விருத்தாசலத்து வெயிலுக்கு வெளி ஆள் உதவி தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் நாங்கள் உதவிக்கொண்டிருந்தோம்.

இதற்கு ஒரு வழி வந்தது. சென்னையில் ஒரு நிதி நிறுவனம், கசிவை நிறுத்த விரும்பும் எரிவாயு நிலையங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. முதலில் அவர்கள் ஒரு விசேஷக் கேமராவோடு வந்து, எங்கே எவ்வளவு கசிகிறது என்று படம் பிடிப்பார்கள். அதற்கேற்பக் கடன். புதுக் கருவி போட்ட பிறகு மறுபடி வந்து பார்ப்பார்கள். மிச்சமான வாயுவை விற்று அந்தக் கடனைக் கட்ட வேண்டும். கசிவு எவ்வளவோ, கடனும் அவ்வளவு. கசிவு இல்லையென்றால் கடனும் இல்லை.

இவ்வளவு தெளிவாக இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் மூளைக்குள் இறங்கியது ‘கடன் கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள்’ என்பது மட்டும்தான்.

எங்கள் மேலாளர் முருகவேல் கடலூர் அலுவலகத்திலிருந்து போன் செய்தார்.

"தணிகாசலம், வியாழக்கெழம மெட்ராஸ்லேருந்து கேமராவோட வராங்க. நீ ஒண்ணும் பண்ணாத. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"கடன் வந்தா எல்லாம் புதுசு. வரலன்னா விருத்தாசலம் லைன மூடிடலாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. அதனால திரும்பவும் சொல்றேன். நீ ஒண்ணும் பண்ணாத."

லைனை மூடினால் என்னை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அதைவிட மோசம், பேட்டைச் சூளைகள் எல்லாம் விறகுக்கும் டீசலுக்கும் திரும்ப வேண்டும். செல்வி திரும்பவே மாட்டாள், சூளையையே இழுத்து மூடிவிடுவாள். கடன் வாங்கி, நகை வைத்து, ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக் கட்டிய சூளை. எனவே நான் நிலைமையின் கனத்தை முழுமையாக உணர்ந்தேன். உணர்ந்துதான் அப்படிச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில், வருகிறவர்கள் "ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. நல்லூரிலிருந்து என் மச்சான் வரும்போதெல்லாம் "சும்மா பாத்துட்டுப் போறோம், ஒண்ணும் பண்ணாதீங்க" என்றுதான் சொல்வார். அதை நம்பி ஒரு முறை வெறும் டீ கொடுத்தோம். அந்த டீயைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் ஊர்ச் சாலை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு விழும், மரத்துக்கெல்லாம் இடுப்பு வரை சுண்ணாம்பு ஏறும். ‘செய்யாதே’ என்று மேலாளர் சொன்னது அவருடைய பெருந்தன்மை. செய்வதுதான் என் பண்பு.

இருந்தாலும் சந்தேகத்துக்குச் செல்வியிடம் கேட்டேன்.

"கடன் குடுக்க வரவங்க முன்னாடி ஓட்டையும் ஒடசலுமாவா நிப்பீங்க?" என்றாள். "எனக்கு லோன் குடுக்க பேங்குக்காரங்க வந்தப்ப சூளைக்குப் பொட்டு வச்சி மாலை போட்டேன். ஞாபகம் இல்ல?"

(இப்படிச் சொல்லவே இல்லை என்று இப்போது மறுக்கிறாள். சொன்னாள்.)

மறுநாளே ஆரம்பித்தேன். துணைக்கு ஃபிட்டர் ஆரோக்கியசாமி. எனக்குச் சம வயது, எனக்கு நேர் எதிர்க் குணம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினோம். நுரை பொங்கினால் அங்கே கசிவு. ஏராளமான இடங்களில் பொங்கியது. நிலையமே துணி துவைப்பது போல் இருந்தது.

"சார், இந்த நட்டு எனக்குக் கல்யாணம் ஆன காலத்துலேருந்து லூசு" என்றார் ஆரோக்கியசாமி. "இத்தினி நாளு எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல. இத ஏன் சார் இப்ப போயி நோண்டறீங்க?"

"வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"பாக்கத்தான சார் வராங்க?"

அந்தக் கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை, நட்டைத்தான் முறுக்கினேன். வளையங்களை மாற்றினேன். டெஃப்லான் டேப்பைக் காயத்துக்குக் கட்டுப்போடுவது போலச் சுற்றினேன். நுரை ஒரு குமிழிகூட வராத வரைக்கும் விடவில்லை. பிறகு குழாய்களுக்கு மஞ்சள் பெயின்ட், வால்வுச் சக்கரங்களுக்குச் சிவப்பு, வழியோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு. ஒவ்வொரு வால்வுக்கும் கழுத்தில் ஒரு பெயர்ப் பலகை.

மிச்சம் ஒன்றே ஒன்று. எங்கள் பிரதானக் கட்டுப்பாட்டு வால்வு. அது மின்சாரத்தில் இயங்குவதில்லை, வாயுவின் அழுத்தத்திலேயே இயங்குகிறது. சூளைகள் அதிகம் இழுத்தால் தானாகத் திறக்கும், குறைந்தால் தானாக மூடும். ஒவ்வொரு அசைவுக்கும் தன்னைத் தள்ளிய வாயுவைப் ‘புஸ்ஸ்ஸ்’ என்று வெளியே விடும். அது கசிவு அல்ல, அதன் அமைப்பே அப்படி. பகல் இரவு பாராமல் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்பதுகூட நின்றுபோயிருந்தது. புதியவர்கள்தான் துள்ளிக் குதிப்பார்கள். மின் கணக்கு எடுக்க வந்த ஒருவர் பாம்பு என்று ஓடியிருக்கிறார்.

கடன் கொடுக்க வந்த பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ‘புஸ்’ என்றால் நன்றாகவா இருக்கும்? வியாழக்கிழமை காலை அந்த வால்வின் தானியங்கியை நிறுத்திவிட்டு, பக்கத்துக் குழாயின் கைச்சக்கரம் வழியாக வாயுவைத் திருப்பினேன். சக்கரத்தருகே ஆரோக்கியசாமியை நிறுத்தி, அழுத்தமானியைப் பார்த்துப் பார்த்துத் திருகச் சொன்னேன். நிலையத்தில் தியான மண்டபத்து அமைதி நிலவியது.

வந்தவர் நிவேதிதா என்ற இளம் பெண். கேமராவும் அவரே, கணக்கும் அவரே. கூடவே முருகவேல். சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கியவர், மஞ்சள் குழாய்களைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதிலிருந்து உயிர் போய்விட்டது.

"என்னய்யா இது?" என்றார் மெதுவாக.

"சும்மா, கொஞ்சம் நீட்டா இருக்கட்டுமேன்னுதாங்க சார்" என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

நிவேதிதா கேமராவைக் கண்ணில் வைத்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத வாயு அதில் புகை மாதிரித் தெரியுமாம். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"இங்க இல்ல" என்றார்.

நான் மார்பை நிமிர்த்தினேன்.

"இங்கயும் இல்ல. ஆச்சரியமா இருக்கே."

"இருக்காதுங்க மேடம்! எங்கயுமே இருக்காது. ஒவ்வொரு எடமா நானே பாத்துப் பாத்து அடைச்சிருக்கேன்!" என்றேன். மகிழ்ச்சி தாங்காமல் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு, "மேடத்துக்கு எளநீ வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"வீல உட்டுட்டா சார்?"

"அஞ்சு நிமிஷந்தான? போயிட்டு வாங்க."

அவர் சைக்கிளை எடுத்தார். முருகவேல் என் முழங்கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏன்யா, ஒரு லீக்கு... ஒரே ஒரு லீக்குகூட வைக்கலியா?" கடைசிப் பந்திக்கு வந்தவர் பாயசம் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார்.

"எதுக்குங்க சார்?"

சொன்னார். கசிவு எவ்வளவோ, கடனும் அவ்வளவு. பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல, இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறையில் எனக்குப் புரிந்தது. நான் அடைத்தது ஓட்டைகளை அல்ல, கடன் வருகிற வழியை. செல்வியின் சூளையை நானே கையால் முறுக்கி மூடியிருக்கிறேன், டேப் சுற்றி, பெயின்டும் அடித்து.

"சார், ரெண்டு நட்ட வேணா லூஸ் பண்ணி..."

"வாய மூடுய்யா! அது கேமரா. இப்ப லூஸ் பண்ணா அதுவும் பதிவாவும். ஏமாத்துனோம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

நிவேதிதா கேமராவை இறக்கி வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "ரொம்ப நல்லா பராமரிக்கறீங்க சார். ஆனா குறைக்கறதுக்கு எதுவுமே இல்லாத எடத்துல நாங்க கடன் குடுக்க முடியாதே. முன்னாடி எந்தெந்த எடத்துல எவ்வளவு போயிட்டிருந்துச்சுன்னு அளந்து வச்சிருக்கீங்களா?"

நான் எதையும் அளந்து வைத்திருப்பேன். வீட்டு ஜன்னல் திரையைக்கூட அளந்து எழுதி வைத்திருக்கிறேன். இதை அளக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. செல்வி. முழங்கை வரை களிமண். நேராக என்னிடம் வந்தாள்.

"யாருங்க கேஸ நிறுத்துனது?"

"செல்வி, விருந்தாளிங்க வந்திருக்காங்க..."

"அங்க சூளைல பிள்ளையாரு பாதி வெந்து நிக்கறாரு! தீ முணுக்கு முணுக்குன்னு எரியுது. நாலு சூளைக்காரங்க ரோட்டுல நின்னு உங்கள திட்டறாங்க. ஒங்க பொண்டாட்டின்னு தெரிஞ்சும் என் எதுருலயே திட்டறாங்க!"

கைச்சக்கரத்தின் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. ஆரோக்கியசாமி இளநீர் பேரம் பேசிக்கொண்டிருப்பார். சூளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்க, திருக ஆள் இல்லாமல் அழுத்தம் படுத்துவிட்டது.

ஓடினேன். தானியங்கியை மறுபடி முடுக்கும் கைப்பிடி, இரண்டு குழாய்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் இருக்கும். அதை எட்ட வேண்டுமென்றால் வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நன்றாகக் குனிய வேண்டும். குனிந்தேன். திருப்பினேன்.

காலையிலிருந்து மூச்சை அடக்கி வைத்திருந்த வால்வு, ஒரே மூச்சில் முழுதாகத் திறந்தது.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

"சார்! அப்படியே இருங்க! நகராதீங்க!" நிவேதிதாவின் குரல். கேமரா எப்போது அவர் கண்ணுக்குப் போனது என்று தெரியவில்லை. நான் அப்படியே இருந்தேன். வால்வு சரிசெய்துகொள்ள மறுபடியும் ஒரு முறை, பிறகு சின்னதாக ஒன்று, பிறகு பெரிதாக ஒன்று.

"எவ்வளவு பெரிசா வருது!" என்றார் அவர். "இது எப்பவாவது வருமா, அடிக்கடியா?"

"எப்பவும் வரும் மேடம்!" என்று முருகவேல் அலறினார். குரலில் ஆனந்தக் கண்ணீர். "ராத்திரி பகல்னு இல்ல! இவரு இங்க வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இப்படித்தான்!"

நிமிர்ந்து பார்த்தபோது செல்வி கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயய்யே" என்றாள். பிறகு களிமண் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

எனக்கும் காட்டினார்கள். சாம்பல் நிற உலகம். நடுவில் வெள்ளையாக, குனிந்த ஒரு மனிதன். வால்வு அவன் உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எனவே வால்வு தெரியவில்லை. தெரிவதெல்லாம், அந்த மனிதனின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்டு, தொழிற்பேட்டையை நோக்கி அலை அலையாகப் போகும் ஒரு மாபெரும் கரிய மேகம்.

"முகம் தெரியல சார், கவலைப்படாதீங்க" என்றார் நிவேதிதா. அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஓட்டையில் கசிவது ஒரு ரகம். கருவியே இயங்குவதற்காக வெளியே விடுவது இன்னொரு ரகம். பல இடங்களில் இரண்டாவதுதான் பெரிய சேதம், ஏனென்றால் அதை யாரும் குறையாகவே நினைப்பதில்லை. வாயுவுக்குப் பதிலாக அழுத்தக் காற்றிலோ மின் மோட்டாரிலோ இயங்கும் வால்வு போட்டால் அது முற்றிலும் நின்றுவிடும். கடன் கேட்க இது ஒன்றே போதும்.

"அப்ப நான் அடைச்சதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அளக்காதத எழுத முடியாது சார். ஆனா பூமிக்கு நல்லதுதான செஞ்சிருக்கீங்க."

பூமி இதுவரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முருகவேல்தான் காருக்குப் போகும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். இளநீரோடு வந்து சேர்ந்த ஆரோக்கியசாமி, ஆளில்லாத சக்கரத்தையும் உட்கார்ந்து சிரிக்கும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு இளநீரை அவரே குடித்தார்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது: ‘சென்னையிலிருந்து பார்வையாளர்கள் வந்தனர். வானம் தெளிவாக இருந்தது.’

கடன் வந்தது. நான் அடைக்காமல் விட்டிருந்தால் இன்னும் அதிகமாக வந்திருக்கும் என்பது முருகவேலின் நிலையான கருத்து. புது வால்வு மோட்டாரில் இயங்குகிறது, மூச்சே விடுவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் மதியம் கண் அசர முடியவில்லை என்று ஆரோக்கியசாமி கொஞ்ச நாள் வருந்தினார். பேட்டையில் தீ நீலமாக, நிலையாக எரிகிறது. செல்வி பக்கத்திலேயே இரண்டாவது சூளையும் கட்டிவிட்டாள். அன்று பாதியில் நின்ற பிள்ளையார்கள் மேற்பூச்சு கொப்பளித்து, உடம்பெல்லாம் வியர்த்தது போல வெளியே வந்தார்கள். பெண்ணாடத்தில் ஒரு கல்யாண வீட்டார் அதுதான் புது டிசைன் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் நலமாக முடிந்தது, அந்தப் படத்தைத் தவிர. கண்ணுக்குத் தெரியாத வாயுவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் கிடைப்பது அபூர்வமாம். நிதி நிறுவனம் அதைத் தன் கூட்டங்களில் ‘மாற்றத்துக்கு முன்’ என்று போட்டுக் காட்ட ஆரம்பித்தது. அங்கிருந்து பயிற்சி வகுப்புகளுக்குப் போனது. எனக்குத் தெரியாத ஊர்களில், எனக்குத் தெரியாத பொறியாளர்கள், என்னைத்தான் பார்த்து மீத்தேனைப் பற்றிக் கற்றார்கள். முகம் தெரியாது என்ற தைரியத்தில் நானும் இருந்துவிட்டேன்.

போன வருடம் திட்டக்குடியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பொறியாளர், அடக்கமானவர். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையனின் அப்பா கையிலிருந்து ஸ்பூன் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. பண்புள்ளவன் என்ன செய்வான்? எழுந்து, அவர்களுக்கு முதுகு காட்டி, நாற்காலிக்கு அடியில் குனிந்து எடுத்தேன்.

பின்னால் பையன் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மாமா!" என்றார். "அது நீங்களா?"

செல்விக்கு மட்டும் தோள் குலுங்க ஆரம்பித்தது. பையன் வெட்கத்தோடு கைப்பேசியை எடுத்தார். அலுவலகப் பயிற்சியில் கொடுத்ததாம். அது அவர் அப்பாவிடம் போனது, அம்மாவிடம் போனது, பிறகு என் மகளிடம் போனது. எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நம்பினேன். அவள் ஸ்பூன் மாதிரியே கீழே விழுந்து சிரித்தாள். பையனின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜாதகமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. இந்தக் குடும்பத்துலதான் பொண்ணு எடுக்கறோம்" என்றார்.

கல்யாணம் ஆகிவிட்டது. மருமகன் மிகுந்த மரியாதை உள்ளவர். நான் இருக்கும் இடத்தில் பேனா விழுந்தாலும் சாவி விழுந்தாலும், நான் நாற்காலியில் அசைவதற்குள் பாய்ந்து எடுத்துவிடுகிறார்.

"நீங்க இருங்க மாமா" என்பார். "நீங்க ஒண்ணும் குனிய வேணாம். வீட்ல எல்லாரும் இருக்காங்க."